ஒன்று தசம் ஒன்று

துவக்கு வரவில்லை.
அது கழகத்து இரும்பலுமாரியில்
இரண்டு பூட்டுக்குள் கிடக்கிறதாம்.
பாலையூற்றிலிருந்து பார்த்தலட் கொண்டுவந்தது
சிகரட் பெட்டியின் முதுகில் கீறிய படமும்
புரி தேய்ந்த பழைய தட்டு ஒன்றும்,
சட்டைப் பொத்தான் அளவு.

"வீ வெட்டு இனிச் சரிவராது மேன்.
வெட்டு, முன்முனை, அட்டை
மூண்டையும் ஒரே நேரம் பாக்கச் சொன்னா
ஐம்பத்தாறு வயசுக் கண் எதைத்தான் பாக்கும்?
ஒண்டைப் பிடிச்சா மற்ற ரெண்டும் கஞ்சி."

டைக் வீதியில் என் லேத்துக்கு வருவது
வள்ளத்து இயந்திரத் தண்டு, தண்ணீர்ப் பம்பு, கேற்றுப் பிணைச்சல்.
ஒரு துளை மட்டும் கேட்டு
யாரும் வந்ததில்லை.

ஒன்று தசம் ஒன்று மில்லிமீற்றர்.
மத்தியான வெயிலுக்கு அதுதான் அளவு,
முகில் போட்டால் ஒன்று தசம் மூன்று என்றார்.
முதல் ஊசி முறிந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதுக்கு மூச்சை அடக்கினேன்,
சுடப்போவது நான் என்பதுபோல.

கண் வைக்கும் பக்கம் குழித்து,
பிசிறு வழித்து,
சிவக்கக் காய்ச்சிக் கழிவெண்ணெயில் தோய்த்துக்
கறுப்பாக்கினேன்.
மினுங்கினால் வெளிச்சம் பொய் சொல்லுமாம்.

"ஓட்டையைப் பாக்காத, ஓட்டைக்குள்ளால பார்.
நடு எங்க எண்டு கண் தானே தேடிப் போய்
குந்திக்கொள்ளும்.
கொஞ்ச நேரத்தில வட்டம் இருக்கிறதே தெரியாது."

வைத்துப் பார்த்தேன்.
மூக்குக்கண்ணாடி பெஞ்சில் கிடக்க,
எதிர்ச்சுவர்த் திருவிழா நோட்டீஸின் அடியில்
அச்சகத்துத் தொலைபேசி இலக்கம்கூடத் தெளிந்தது.
வட்டம் இல்லாமல் போனது.

அப்போது ஞாபகம் வந்தது என்று சொல்லமாட்டேன்.
போனால்தானே வர.

தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி, பள்ளிக்கூட மைதானம்.
வரிசையில் நான் நாற்பத்தோராவது.
ஜீப்பின் முன்சீற்றில் ஒரு உரச்சாக்கு,
எழுத்துகள் தலைகீழாக.
அதில் இரண்டு துளை.
யாரோ அவசரத்தில் பிளேட்டால் வெட்டியது.
ஒன்று பெரிது, ஒன்று சிறிது.
நூல் தொங்கியது.

உள்ளிருந்து பார்த்தவனுக்கு
சாக்கே இல்லாமல் போயிருக்கும்.
நடுவில் நான்,
மேலுதட்டு வியர்வைவரை தெளிவாக.
எனக்கோ
அந்த இரண்டு துளையைத் தவிர
மைதானம் இல்லை, வேப்பமரம் இல்லை,
மதிலுக்கு அந்தப்பக்கம் கடலும் இல்லை.

சாக்கு அசையவில்லை.
நாற்பதாவதுக்கு அசைந்தது.
தேவசகாயம்.
என்னுடைய கொம்பாஸ் பெட்டி அவனிடம் இருந்தது.

"என்ன மேன், பிழையோ?"

"இல்லை. நடுவில்தான் இருக்கு."

பில் எழுதக் குந்தினேன்.
இரும்புத் தட்டு ஒன்று, புரி வெட்டுக் கூலி.
துளைக்கு என்ன போடுவது?
எடுத்துப் போட்ட இரும்பு
நகத்தழுக்கு அளவும் இல்லை.
முறிந்த ஊசி இரண்டுக்கும்
அவரே கணக்குப் பார்த்து வைத்தார்.

அடுத்த சனி அட்டையோடு வந்தார்,
முகம் முழுக்கச் சிரிப்பு.
கறுப்புப் பொட்டில் ஐந்து சூடு,
ஐந்தும் ஒரே கிழிசலாய்.
ஒரு ரூபாய்க் குற்றி வைத்தால் மூடும்.
வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார்.
நான் உள்ளால பார்க்கவில்லை.
விளிம்பைப் பார்த்தேன், கடதாசி நார் நாராய்.
கை தானாகப் போய்ப் பிசிறைத் தடவியது.

ரீ வாங்க அவர் எழும்பிப் போனார்.
அட்டை வாசல் ஸ்டூலில் கிடந்தது.
கோட்டைப் பக்கமிருந்து
குப்பை மேய்ந்து வந்த புள்ளிமான் ஒன்று
லொறியைப் பொருட்படுத்தாமல் றோட்டைக் கடந்து
அதை மோந்தது.

சத்தம் போட்டிருக்கலாம்.

மூலையிலிருந்து தொடங்கி,
எண்களை, வளையங்களை,
கடைசியில் அந்தக் கிழிசலையும்
அவசரமில்லாமல் மென்றது.
மெல்லும்போது என்னைப் பார்த்தது,
இரண்டு கண்ணாலும்.