விட்டால் மூடும்

அதிகாலை மூன்று மணி. போர்ட் லூயி.
சூரை மீன்களை விறகாய் அடுக்கிய குளிர்கிடங்கின் பின்புறம்
எண்ணெய் வடிக்கும் வால்வு.
பிடித்திருந்தால் திறக்கும்,
விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடும்:
மயங்கி விழப்போகிறவனை நினைத்துச் செய்தது.

அதன் கைப்பிடியை மடக்கிக் கட்டிய கம்பி
என்னுடையது.
போன மாதம், ஒரு சிகரெட்டுக்காக.
அன்று ஒன்றும் ஆகவில்லை.
அந்த ஒன்றுமில்லையை நம்பி
நோயெல் கட்டினான், சினாப்பென்னும் கட்டினான்.

இன்று காற்றுப்பை
ரோஷ் புவா பக்கம் நீண்டு நிற்கிறது.
வெக்கைக்கு அங்கே எல்லா ஜன்னலும் திறந்திருக்கும்.

குறடு எடுத்தேன்.
பிறகு பதிவேட்டில்:
‘கம்பி. கட்டியது நான். வெட்டியது நான்.
ஜெஸ்ஸன் அப்பாவு.’

முகமூடிக்குள் என் மூச்சே இரைகிறது.
பாகாய் இறங்குகிறது எண்ணெய்.
மணிக்கட்டு கடுக்கிறது.
கடுக்கட்டும்.