ஒரு அழுத்து, நான்கு மூச்சு

நவம்பர் இருபத்தொன்று. வெயில் முப்பத்தாறு.
வடக்குக் காற்று பகல் முழுக்க
மருந்துக்கடைக் கதவைத்
தானே திறந்து தானே சாத்தியது.
விம்மெராச் சமவெளியில் ரை புல்
வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாராமல்
பூத்து நின்றது.

மாலை ஆறேகாலுக்கு மேற்கே இருட்டியது.
அறுப்புக்குக் காத்திருந்த கோதுமைக்காரர்கள்
வானத்தைத் திட்டினார்கள்.
மற்றவர்கள் வாசலுக்கு வந்து
மழைக்கு முகம் காட்டினார்கள்.

யாருக்குத் தெரியும்,
மேகம் போகிற போக்கில்
பூந்தாதை உறிஞ்சி மேலே கொண்டுபோய்
ஈரத்தில் ஊறவைத்து
ஒன்றை நூறாய் வெடிக்கவிட்டு
குளிர்காற்றோடு
தெருவுக்கே திருப்பி இறக்கும் என்று.
மூக்கோடு நின்று தும்மலாய்ப் போகவேண்டியது
நெஞ்சின் கடைசிக் கிளைவரை போனது.

கடையைச் சாத்தும் நேரம்.
முதலில் வந்தவன் டார்வல் க்ரீட்.
ஆட்டு ரோமம் கத்தரிப்பவன், நூற்றெட்டு கிலோ.
வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு
"ஆஸ்துமா எல்லாம்... எனக்கு... இல்லை...
சும்மா... தும்மல்தான்..."
ஒரு பேச்சுக்கு நான்கு நிறுத்தம். எண்ணிக்கொண்டேன்.
நெஞ்சில் விசில் கேட்டால் பயப்படலாம்.
விசிலும் நின்றுவிட்டால்
பயப்படவும் நேரமில்லை.

பின்னாலேயே பேக்கரிப் பெண்,
டிராக்டர் மெக்கானிக்,
வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்த சிறுமிகள்,
அவர்களைத் தூக்கி வந்த பயிற்சியாளர்,
அவருக்கே உதடு நீலம்.
ஊர் முழுக்க விம்மியது.
ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன்.
இருந்த இரண்டும் வெளியே.
நாற்பது நிமிடம் என்றது ஒரு குரல்.
அந்தக் குரலும் இருமியது.

நாற்காலி போதவில்லை.
டயப்பர் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டேன்.
படுக்காதீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள்.
நீல இன்ஹேலர் முப்பத்தொன்று இருந்தது.
ஸ்பேசர் ஒன்பது.
பத்தாவது ஆளுக்கு
ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் கவிழ்த்து
அடியில் கத்தியால் ஓட்டை போட்டு
இன்ஹேலரைச் செருகினேன்.

டார்வல் அதை பீர் போல உறிஞ்சினான்.
மருந்தெல்லாம் நாக்கில்.
மேவ் என்ற சிறுமி,
வயது ஒன்பது, ஆஸ்துமாவுக்கு வயது ஆறு,
தன் முறை முடித்து
அவன் முழங்காலருகே வந்து நின்றாள்.
"குலுக்கு. ஒரு அழுத்து. நான்கு மூச்சு.
அவசரப்படாதே.
மறுபடி ஒரு அழுத்து. நான்கு மூச்சு.
இப்படி நான்கு. அப்புறம் நான்கு நிமிடம் சும்மா இரு."
அவள் விரல்விட்டு எண்ண எண்ண
அவன் தோள்கள்
காதை விட்டு இறங்கின.

அந்த நான்கு நிமிடம் இருக்கிறதே.
கடை நிறைய ஆட்கள்,
ஒரு பேச்சில்லை.
தகரக் கூரையில் மழை மட்டும்.

எட்டு மணிக்கு மேல்தான் கவனித்தேன்.
எதிரே ஒரு வெள்ளைக் கார்.
மழை நின்ற பின்னும்
வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது.
க்வெண்டா ட்ரெகியர்.
இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தாள்,
கொஞ்சம் கண்ணை மூடினால் சரியாகிவிடும் என்று
நினைத்தவள் போல.
என் கடை வெளிச்சத்திலிருந்து முப்பது அடி.

இதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

டார்வல் மாதாமாதம் வருகிறான்.
தடுப்பு மருந்து, காலை இரண்டு, இரவு இரண்டு.
"நன்றாக இருக்கும்போது எதற்கு?"
ஒருமுறை கேட்டான்.
நான் எதிரே கார் நிற்கும் இடத்தைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
பர்ஸை எடுத்தான்.

இந்த அக்டோபரில் கதவில் ஓர் அட்டை ஒட்டினேன்:
இடி கேட்குமுன் உள்ளே போங்கள்.
தும்மல்காரர்களும்தான்.
கீழ் அலமாரியில்
அடி ஓட்டையிட்ட பாட்டில்கள் பன்னிரண்டு,
கழுவிக் காய்ந்து.

நேற்று ராத்திரி மழை வாசனை வந்தது.
எவ்வளவு நல்ல வாசனை.
ஆசையாய் ஒரு தரம் இழுக்கப் போனவள்
எழுந்து போய்
ஜன்னலைச் சாத்தினேன்.