வெந்து காலம்

பொறையாறு பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி.
மாசி பிறக்கிற சமயம் மேஷாக் அண்ணன் வருவார்
தரங்கம்பாடியிலிருந்து, சக்கரத்தில் ஈர மணலோடு,
பழைய தாளில் தேதியை மட்டும் அடித்துத் திருத்தி.
"லெந்து கால ஆராதனை முறைமை.
நூற்றைம்பது பிரதி. போன வருஷ ரேட்டுதானே?"

லெந்து என்றால் என்ன அண்ணே?
"நோன்பு."
அப்போ நோன்பு என்றே போட்டால் என்ன?
"கோயிலில் அப்படித்தான் சொல்லுவோம்"
என்று சில்லறையை எண்ணினார்.

அன்றிரவு கரண்ட் போன அரைமணியில் போனில் தேடினேன்.
நோன்பு இல்லை, சாம்பல் இல்லை,
சிலுவைகூட இல்லை அந்தச் சொல்லுக்குள்.
பழைய இங்கிலீஷில் லெங்க்டென், வசந்தம்.
அதற்கும் அடியில் தோண்டினால் நீளம்.
பனி விட்டுப் பகல் நீளும் பருவம்,
அவ்வளவுதான்.
வேறு தேசத்தார் நாற்பது நாளை எண்ணிப் பெயர் வைத்தார்கள்.
இவர்கள் ஜன்னலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.
அடுப்பு மூட்டப் போன எவளோ ஒருத்தி
இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று
ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும்.

நமக்கு எவ்வளவு நீளும்?
தினசரிக் காலண்டரைப் புரட்டிக் கழித்துப் பார்த்தேன்.
சாம்பல் புதன் முதல் பெரிய வெள்ளி வரை
மொத்தமே அரைமணிக்குக் கொஞ்சம் குறைவு.

கணினிக்கு லெந்து தெரியாது.
கேட்காமலே தனக்குத் தெரிந்த சொல்லாக்கிவிட்டது.
நானும் பார்க்கவில்லை.
நூற்றைம்பது அட்டையிலும் கொட்டை எழுத்தில்
வெந்து காலம்.

ஓய்வுநாளையும் மறந்து வந்தார் மேஷாக் அண்ணன்.
ஐயர் சிரித்துவிட்டாராம்,
அதுதான் இவருக்கு அதிகம் வலித்தது.
பேனாவால் வகரத்தை லகரமாக்கப் பார்த்து
முப்பதாவது பிரதியில் கை ஓய்ந்திருக்கிறது.
பாதிப் பணம்தான் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

பங்குனி நடுவில் செல்லப்பொண்ணு வந்தாள்,
ஆதார் அட்டையை நகலெடுக்க.
சம்பா அறுத்த வயலில் உளுந்து பறித்த கை,
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தாள்.
லெந்துவின் கதையைச் சொன்னேன்.
"பகல் நீளுது சரி. கூலி எங்க நீளுது?"

மேஜையில் மிஞ்சிக் கிடந்த பிரதி ஒன்றை எடுத்து
எழுத்துக் கூட்டி வாசித்தாள். வெ. ந். து.
"சரியாத்தானே போட்டிருக்க?"

நகலுக்கு இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாள்.
மணி ஆறேகால்.
நான் இன்னும் விளக்கைப் போடவில்லை.