அவசரத் தொடர்பு

கோதன்பர்க்கில் என் பதினொரு மாதக் குத்தகை
ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது.
அடுத்த வீடு ஜனவரியில்தான்.
நடுவில் ஐம்பத்திரண்டு நாள்.
நான் யார் சோபாவிலாவது தூங்கிக்கொள்வேன்,
தையல் மிஷின் எங்கே தூங்கும்?

முதல் கிடங்கு மலிவு. வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும்.
இரண்டாவதற்குப் பேருந்தே கிடையாது.
மூன்றாவதில் ஈர வாடை.
பழகிவிடும் என்றான் காட்ட வந்த பையன்.
பெட்டிகளுக்கா எனக்கா என்று கேட்கவில்லை.
நான்காவது, டிராமின் கடைசி நிறுத்தத்தில்,
ஒரு காலத்தில் பிஸ்கட் ஆலையாம்.
சுவரில் ஏலக்காய் மிச்சமிருக்கிறதா என்று
மூக்கு தானாகத் தேடியது.
பெயிண்ட். பெயிண்ட் மட்டும்.

ஊல்ரிக்கா படிவத்தை நீட்டினாள்.
நிரந்தர முகவரி என்றொரு கட்டம்.
அது இருந்தால் இங்கே ஏன் வருகிறேன் என்றேன்.
எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று
பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

பொருள்களின் மதிப்பு:
தையல் மிஷின், இரண்டாயிரம் குரோனர்.
புத்தகம் ஆறு பெட்டி, ஐந்நூறு.
முறிந்த கல்யாணத்தில் என் பங்குக்கு வந்த
பன்னிரண்டு கரண்டி.
எட்டிப் பார்த்து, வெள்ளியா என்றாள்.
இல்லை.
அப்படியானால் பூஜ்யம்.

உணவு வைக்கக் கூடாது.
உயிருள்ள எதையும் வைக்கக் கூடாது.
உள்ளே தங்கக் கூடாது.
கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து.

கடைசிக் கட்டம்:
அவசரத்துக்கு அழைக்க
இந்த நாட்டுக்குள் ஒருவர்.
குத்தைசியில் எனக்கு இருபது பேர் உண்டு,
அழைக்காமலே வந்துவிடுகிறவர்கள்.
இந்த நாட்டுக்குள்
என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.
வரிசையில் பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.
"என்னைப் போடுங்கள்.
நானும் உங்களைப் போட்டுக்கொள்கிறேன்.
எனக்கும் அந்தக் கட்டம் காலிதான்."
நெஜாத். துஸ்லாக்காரர். லாரி ஓட்டுகிறார்.
அவருக்கு 2118. எனக்கு 2117.
உறவு என்ற இடத்தில் நண்பர் என்று எழுதினேன்,
பொய்தான்.

அந்தத் தாழ்வாரத்தில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும்.
குனிந்து பெட்டிக்குள் எதையாவது தேடினால் போதும்,
யாருமில்லை என்று முடிவுகட்டிவிடும்.
கையை உயர்த்தி ஆட்ட வேண்டும்,
இருக்கிறேன், இருக்கிறேன் என்று.
ஞாயிறுகளில் சில சமயம்
நான் ஆட்டும் முன்பே விளக்கு வந்துவிடும்.
பக்கத்து அறையில் ஒரு கை.

ஒருநாள் அவர் கதவு திறந்திருந்தது.
அவ்வளவு இடத்தில் ஒரே ஒரு மர நாற்காலி.
அதில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
உணவு கூடாது என்றேன்.
தெரியும் என்று ஒரு சுளை கொடுத்தார்.
வேறெதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஜனவரியில் வீடு கிடைத்தது.
கரண்டிகள் இழுப்பறைக்குப் போயின.
படிவங்களை மறந்தேன்.

மார்ச்சில் ஊல்ரிக்கா அழைத்தாள்.
மாக்வாலாதானே?
2118க்கு இரண்டு மாத வாடகை வரவில்லை,
அவர் போன் அணைந்தே கிடக்கிறது,
உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்.
உறவு: பக்கத்து வீடு.

எவ்வளவு என்று கேட்டேன்.
ஒரு மாதத்துக்கு மட்டும் முடிந்தது.
ரசீதை வாங்க வேலை முடிந்து டிராம் ஏறினேன்,
போனிலேயே அனுப்புகிறேன் என்று அவள் சொன்ன பிறகும்.

பூட்டு அவருடையது.
உள்ளே நாற்காலி இருக்குமா, ஆரஞ்சுத் தோல் இருக்குமா,
தட்டிப் பார்ப்பது அசட்டுத்தனம், தட்டினேன்.
பிறகு அசையாமல் நின்றதில்
விளக்கு அணைந்துவிட்டது.
கொஞ்ச நேரம்
கையை உயர்த்தவில்லை நான்.
அந்தப் பக்கத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன்.

டிராமுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.