பிர்ச் பிடுங்கும் ஞாயிறு

விட்டால் பத்தே வருஷத்தில் காடாகிவிடும்
என்கிறாள் மோர்வென்னா,
முழங்கால் உயர பிர்ச் கன்றைக்
கழுத்தைப் பிடித்து உருவியபடி.

மரம் கொல்லத்தான் வந்திருக்கிறோம்
இந்த டார்செட் பொட்டலுக்கு, பதினொரு பேர்,
கையுறையும் பிளாஸ்க்கில் தேநீருமாக.

முன்பு இதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை.
குளிர்காயப் புல்மண் வெட்டினார்கள்,
ரொட்டி சுட மஞ்சள்பூ முட்புதரை அறுத்தார்கள்.
ஏழைகளின் அடுப்பு
இந்த வெளியைத் திறந்தே வைத்திருந்தது.
வளைத்துப்போட வந்த சீமானின் வேலிக்கம்பங்களையும்
ஒரே ராத்திரியில் அதே அடுப்புகள் தின்றனவாம்.

பிறகு போர்.
டாங்கிகள் உழுத தடத்தில்
மணல்பல்லி முட்டையிடுகிறது.
வெயில்படும் வெறும் மண் போதும் அதற்கு,
யார் கீறியது என்று கேட்பதில்லை.

"அசையாதே" என்கிறார் லெஸ்டர்.
என் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி
ஊதா ஹெதர் அடியில் விரியன்,
முதுகு நெடுக கோணல்மாணலாய்க் கருங்கோடு.
பார்த்தது.
எங்கள் வேலை பிடித்ததா, தெரியவில்லை.

இருட்டியதும் பக்கி ஆரம்பித்தது,
யாரோ தையல் மெஷினை
மூச்சுவிடாமல் மிதிக்கிற மாதிரி.
மோர்வென்னா விரல்விட்டு எண்ணினாள்:
மூன்று ஆண். போன வருஷம் இரண்டு.

கார்க் கதவைச் சாத்தாமல்
கொஞ்சநேரம் நின்றோம்,
நகக்கண்ணில் மண்ணோடு.