பதினான்காம் தொகுதி

கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை இந்த ரேப் செடி.
யெல்காவாவின் மஞ்சள் வயல்களில் விளைந்து, பிழிந்து வந்ததைக்
குடுவையில் ஊற்றி
எறும்பின் அமிலமும் பெராக்சைடும்
சொட்டுச் சொட்டாய் விடுகிறேன்.
அவசரப்பட்டால் பொங்கி மேசையில் ஏறும்.

கொழுப்பின் நெடுஞ்சங்கிலியில்
இரட்டைப் பிணைப்பு இருக்குமிடம் பலவீனம்.
காற்று அங்கேதான் கடிக்கும்,
காறல் அங்கேதான் தொடங்கும்.
அது கடிக்குமுன் நானே
ஓர் ஆக்சிஜனை அங்கே உட்கார வைக்கிறேன்,
மூன்று அணு அமரும் குட்டி வளையமாய்.

பதினோராம் தொகுதியை
ஓயார்ஸ் காட்டுக்குக் கொண்டுபோனான்.
அன்று மைனஸ் பதினெட்டு.
தொலைபேசியில் ரம்பச் சத்தமே இல்லை, அவன் குரல் மட்டும்:
“ஜித்ரா, இது வெண்ணெய். ரொட்டி அனுப்பு.”

வளையத்தை உடைத்துக் கிளை ஒட்டினேன்.
நேரான சங்கிலிகள் குளிர் வந்தால்
விறகுபோல அடுக்கிக்கொள்ளும்.
கிளை விட்டதற்கு நெருங்கிப் படுக்கத் தெரியாது;
உறையாதிருக்க அந்த முரண்டு போதும்.

பிர்ச் மரங்களுக்கிடையே பதினான்கு ஓடியது,
நாள் முழுக்க.
ரம்பம் சுழற்றி எறிந்த துளியெல்லாம்
பனியில் விழுந்தது, எதுவும் திரும்பவில்லை.

இயந்திரத்துக்குள் கெடாதே என்கிறேன்.
மண்ணில் விழுந்ததும்
கெட்டுப்போ என்கிறேன்.
பெற்ற பிள்ளையிடம்கூட
இப்படிக் கேட்டதில்லை.

ஏப்ரலில் வெட்டிய அடிமரத்தருகே தோண்டினேன்.
கரண்டியில் ஒரு புழு பாதியானது, அது என் பிழை.
மண்ணைச் சோதித்து
குறிப்பேட்டில் எழுதினேன்:
எதுவும் இல்லை.

ஓயார்ஸ் எட்டிப் பார்த்து,
“இதற்கா இரண்டு வருடம்?” என்றான்.
அவன் கையுறையில் மட்டும்
இன்னும் போகவில்லை
வறுத்த உருளைக்கிழங்கு வாசம்.