மேல்பட்டை

ஊபி தொழிற்பேட்டையில்
குழாயும் வால்வும் விற்கும் கோ சகோதரர்களில்
இளையவர் விலகிவிட்டார்.
மூத்தவர் வெள்ளி இரவு ஒரு வரி அனுப்பினார்:
தம்பியை மெனுவிலிருந்து எடுத்துவிடு லா,
திங்களுக்குள்.

ஒரு சொல்தானே என்று நினைத்திருப்பார்.

இருநூற்றுப் பதினாறு பக்கங்கள்.
எனக்கு முன்னால் இதைக் கட்டிய புண்ணியவான்
மேல்பட்டையை ஓரிடத்தில் எழுதி
எல்லாப் பக்கமும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளட்டும்
என்று விட்டிருக்கலாம்.
வெட்டினான் ஒட்டினான்
வெட்டினான் ஒட்டினான்.
முகப்பு, பொருள்கள், விலை, வழி,
கடைக்கோடியில் சிரித்த முகத்தோடு
செங் வாட்டிடம் கேளுங்கள்.

தேடி மாற்று என்று ஒரு பொத்தான் உண்டு.
நூற்று எண்பது பக்கம் அதற்குப் பணிந்தது.
மிச்சத்தில்
ஓரிடத்தில் இடைவெளி ஒன்று கூடுதல்,
ஓரிடத்தில் செங், சொங் ஆகியிருந்தார்,
பித்தளை முழங்கைக் குழாய்ப் பக்கத்தில் மட்டும்
யாரோ தூக்கக் கலக்கத்தில்
தம்பியை முதலில் வைத்து
முகப்பைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள்.
முப்பத்தாறையும் கையால்தான் திறந்தேன்.

சனிக்கிழமை. யீஷூன். பன்னிரண்டாவது மாடி.
கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம்.
கொம்பாங் அதிர அதிர
ஒவ்வொரு பக்கமாக அவரை எடுத்தேன்.

பிப்ரவரியிலிருந்து எனக்கும் இதே பிழைப்புதான்.
வீவக கிளையில் ஒரு முறை சொன்னேன்.
சேமநிதியில் ஒரு முறை.
பல் டாக்டரின் தாதி
அவசரத் தொடர்புக்கு இன்னும் அதே எண்தானா என்றாள்,
அவளிடம் ஒரு முறை.
சீட்டு பிடிக்கும் புவனாக்காவிடம் இரண்டு முறை,
முதல் முறை அவர் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்.
கோயிலிலிருந்து நன்கொடை ரசீது
திரு, திருமதி என்றே வருகிறது.
அதை இன்னும் திறக்கவில்லை.
படிவங்களில் அந்தக் கட்டத்தைத் தட்டினால்
நான்கு சொற்கள் சரிந்து விழும்.
நான்காவது நான்.

இரவு இரண்டு மணிக்குப் பொறுமை போய்
இருநூற்றுப் பதினாறு பட்டைகளையும் அழித்தேன்.
ஒரே ஒரு கோப்பு.
பக்கத்துக்கு ஒரு வரி, அதை அழைக்க.
நாளைக்கு இன்னொரு தம்பி போனாலும்
இல்லை, போனவரே திரும்பி வந்தாலும்
அரை நிமிட வேலை.
கேட்டது இதுவல்ல. இதற்குப் பணமும் வராது.
ஆனாலும் செய்து முடித்துப்
பச்சை விளக்கைப் பார்த்தபடி
சோற்றை ஆறியபடியே தின்றேன்.

ஞாயிறு காலை
இத்தனை மாதம் சுற்றிக்கொண்டு போன
மூலைக் கோப்பிக் கடை வழியாகவே நடந்தேன்.
வாய் திறக்குமுன் அங்கிள்
இரண்டு பை கட்டிவிட்டார்:
ஒரு கோப்பி ஓ கொசோங்,
ஒரு தே தாரிக், சீனி குறைச்சல்.
ரொம்ப நாளாச்சே, வெளியூரா என்றார்.
தலையை எப்படியோ ஆட்டினேன்.
மூன்று வெள்ளி.
கொடுத்தேன்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் மூத்த கோ அழைத்தார்.
தம்பி இன்னும் அப்படியே இருக்கிறானே, என்ன செய்தாய்?

நான் எடுத்துவிட்டேன், திரு கோ.
உங்கள் கணினி பழையதைச் சேர்த்து வைத்துக்கொண்டு
அதையே காட்டுகிறது.
கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப் ஐந்து.

விசைப்பலகைச் சத்தம் கேட்கவில்லை.

இரண்டையும் சேர்த்து, திரு கோ.

தெரியும் தெரியும், என்றார்.
கொஞ்சம் இரு.

மின்தூக்கி வந்து, திறந்து, மூடிக்கொண்டு போனது.
தே தாரிக்கின் சிவப்புக் கயிறு
விரலை இறுக்கிக்கொண்டிருந்தது.
அவசரமில்லை, என்றேன்.